வெப் டிசைனருக்குப் பணம்: எப்போது, எவ்வளவு, எது கைக்கு வந்த பிறகு?

வெப்சைட் செய்ய என்னைக் கூப்பிடுகிற கடைக்காரர்கள் எடுத்தவுடன் கேட்பது, "மொத்தம் எவ்வளவு ஆகும் தம்பி?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடமாக இந்த வேலையை ஃப்ரீலான்ஸாக, அதாவது எந்தக் கம்பெனியிலும் சேராமல் தனியாகச் செய்துவருகிறேன். மொத்தத் தொகையால் கெட்டுப்போன வேலை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. எந்தத் தொகையை எப்போது கொடுப்பது, அதற்கு முன்னால் என்ன கைக்கு வந்திருக்க வேண்டும் என்று பேசாமல் விட்ட வேலைகள்தான் சண்டையில் முடிந்தன. சில சமயம் பணம் கொடுத்தவர் ஏமாந்தார். சில சமயம் வேலை செய்தவர் ஏமாந்தார். நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

இது முதல் முறையாக ஒரு ஃப்ரீலான்ஸரை வைத்து வெப்சைட் செய்யப்போகிறவர்களுக்கு. சிறு கடை, வீட்டிலிருந்து நடத்தும் தொழில், சின்ன பள்ளி, கிளினிக் என்று எதுவாக இருந்தாலும் பொருந்தும். எல்லாப் படிக்கும் அடியில் இருக்கும் கணக்கு ஒன்றுதான்: நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தவணைக்கும் ஈடாக உங்கள் கையில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அந்த டிசைனர் நாளைக்கே போனை எடுக்காமல் போனாலும், இன்னொருவரிடம் கொண்டுபோய், "இதிலிருந்து தொடருங்கள்" என்று சொல்லக்கூடிய ஒன்று.

1. விலை கேட்பதற்கு முன் ஒரு தாள்

என்ன வேண்டும் என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை பக்கம், தமிழிலா ஆங்கிலத்திலா இரண்டிலுமா, ஆர்டர் எடுக்க வேண்டுமா அல்லது போன் நம்பர் போட்டால் போதுமா, ஆன்லைனில் பணம் வாங்க வேண்டுமா, பொருட்களின் எண்ணிக்கை எவ்வளவு. இதோடு இன்னும் இரண்டு கேள்வி: போட்டோ யார் எடுப்பது? எழுத வேண்டியதை யார் எழுதுவது?

கடைசி இரண்டையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. டிசைனர், கடைக்காரர் தருவார் என்று நினைப்பார். கடைக்காரர், அதெல்லாம் விலையில் அடக்கம் என்று நினைப்பார். முக்கால்வாசி வேலை முடிந்த பிறகு இது வெடிக்கும். இந்தத் தாளை மூன்று பேருக்கு அனுப்பி கொட்டேஷன் வாங்குங்கள். ஒரே தாளைப் பார்த்து மூன்று பேரும் விலை சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

2. டிசைனரின் கூலி வேறு, வெளிச்செலவு வேறு

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெப்சைட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி டிசைனருக்குப் போகாது. டொமைன் பெயர் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்), விலை கொடுத்து வாங்கும் தீம் (தயாராக வரும் வடிவமைப்பு), பிளகின் (கூடுதல் வசதி தரும் சின்ன மென்பொருள்), பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) கட்டணம் எல்லாம் மூன்றாவது ஆளுக்குப் போகும் பணம். "எல்லாம் சேர்த்து 40,000, நீங்கள் எதையும் பார்க்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு டிசைனர் சொன்னால், அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கடைக்காரருக்கும் அது வசதி. ஆனால் அங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

பொள்ளாச்சி பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் ஒரு நாள் காலையில் போன் செய்தார். வெப்சைட் திறக்கவில்லை என்று இரண்டு வாடிக்கையாளர்கள் சொன்னார்களாம். பார்த்தேன். டொமைன் காலாவதியாகியிருந்தது. ரெனியூ செய்யலாம் என்றால், அது பழைய டிசைனரின் கணக்கில் இருந்தது. அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை.

"வருசா வருசம் பணம் கொடுத்தேனே தம்பி?"

"கொடுத்தீங்கண்ணே. ரசீது யார் பேர்ல வந்துச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார், எண்ணெய் டின்னில் ஒட்டுகிற லேபிள் ஒரு கட்டு அச்சடித்து வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் இருக்கிறது என்று. பழைய டிசைனர் மோசக்காரர் இல்லை. வருடா வருடம் ஒழுங்காக ரெனியூ செய்து கொடுத்தவர்தான். பெயர் மட்டும் அவருடைய கணக்கில் இருந்துவிட்டது. கடைசியில் வேறு பெயரில் புது டொமைன் வாங்கினோம். லேபிள் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். அந்த ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக ஒட்டியது அவருடைய அம்மா.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் மொபைல் நம்பரில், உங்கள் கார்டிலோ யூபிஐயிலோ நீங்களே பணம் கட்டி வாங்குங்கள். டாட் இன் என்று முடியும் பெயர்களை நம் நாட்டில் நிர்வகிப்பது நிக்ஸி என்ற அமைப்பு. ஆனால் நீங்கள் வாங்குவது அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களிடம். ஒரு வருடத்திலிருந்து பத்து வருடம் வரை ஒரேயடியாகப் பதிவு செய்யலாம். கடைப் பெயர் நிலையானது என்றால் மூன்று, ஐந்து வருடத்துக்குக் கட்டிவிடுவது நல்லது. முதல் வருட விலை சலுகையில் மலிவாக இருக்கும், ரெனியூவல் விலை அதிகமாக இருக்கும். வாங்கும்போதே இரண்டையும் பாருங்கள்.

எப்படி வாங்குவது என்று தெரியவில்லை என்றால் டிசைனரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. ஹோஸ்டிங்கும் அப்படியே. பிறகு அவர் வேலை செய்வதற்குத் தனி அனுமதி கொடுக்கலாம்; உங்கள் பாஸ்வேர்டைத் தர வேண்டியதில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் இன்னொருவரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது.

பேமெண்ட் கேட்வே விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ரேஸர்பே போன்றவற்றில் கணக்குத் திறக்க உங்கள் பான், உங்கள் வங்கிக் கணக்கு, கடையின் ஆவணங்கள் வேண்டும். "அதுவரைக்கும் என் கணக்கில் வரட்டும், நான் அனுப்பிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளரின் பணம் முதல் நாளிலிருந்தே உங்கள் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

தீம், பிளகின் உரிமம்கூட உங்கள் பெயரில் இருக்கட்டும். தீம்ஃபாரஸ்ட் போன்ற தளங்களில் சாதாரண உரிமம் என்பது ஒரு வெப்சைட்டுக்கு மட்டும்தான். டிசைனர் எப்போதோ வாங்கிய ஒன்றையே பத்துக் கடைகளுக்குப் போட்டிருந்தால், அப்டேட் வராமல் நின்றுபோய் அந்த வழியாக உங்கள் தளத்தை யாராவது கெடுக்கக்கூடும்.

3. எந்த வகை விலை?

மூன்று வகை உண்டு. மொத்த வேலைக்கு ஒரு விலை, மணிக்கணக்கு, மாதக்கணக்கு. முதல் முறை என்றால் மொத்த விலையையே பேசுங்கள். வேலை முடிந்த பிறகு வரும் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு மணிக்கணக்கு பொருந்தும். மாதக்கணக்கு பராமரிப்புக்கு.

4. தவணைகளைப் பிரிப்பது

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அந்த எண்ணெய்க் கடைக்கே புது வெப்சைட்; பத்துப் பக்கம், பதினைந்து பொருள், ஆன்லைன் ஆர்டர். டிசைனர் கூலி 40,000 ரூபாய், வெளிச்செலவு தனி. நான் அவரிடம் பிரித்தது இப்படி:

அட்வான்ஸ் 12,000. முகப்புப் பக்கத்தின் வடிவமைப்புக்கு அவர் சரி சொன்னதும் 10,000. எல்லாப் பக்கமும் டெமோ லிங்கில் (சரிபார்க்க மட்டும் தரும் தற்காலிக முகவரியில்) ஓடத் தொடங்கியதும் 10,000. லைவ் ஆகி, அதாவது தளம் எல்லோருக்கும் திறந்து, சாவியெல்லாம் ஒப்படைத்த நாளில் 6,000. முப்பது நாள் கழித்து 2,000.

அட்வான்ஸ் ஏன் என்று சிலர் கேட்பார்கள். முதல் இரண்டு வாரத்தில் டிசைனர் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. அந்த நாட்களில் வேறு வேலையை அவர் ஒதுக்கி வைக்கிறார். கால்பங்கிலிருந்து பாதி வரை கேட்பது வழக்கம்தான். 8,000, 10,000 ரூபாய் வேலைக்கு நான்கு தவணை போட்டு உயிரை வாங்க வேண்டாம். பாதி முன்னால், பாதி முடிவில் போதும். முழுப் பணமும் முன்னால் வேண்டும் என்று கேட்டால், வேலை பெரிதாக இருக்கும் பட்சத்தில் ஒத்துக்கொள்ள வேண்டாம். அட்வான்ஸே இல்லாமல் செய்து தருகிறேன் என்பவரிடமும் எனக்குத் தயக்கம் உண்டு. பெரும்பாலும் உங்கள் வேலை அவருடைய வரிசையில் கடைசியாகத்தான் நிற்கும்.

ஒவ்வொரு தவணைக்கும் என்ன கைக்கு வருகிறது என்று பாருங்கள். வடிவமைப்புக்கான 10,000 கொடுக்கும் நாளில் அதன் மூலக் கோப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும். படமாக மட்டும் வாங்கினால் அடுத்தவர் அதைத் திருத்த முடியாது. டெமோ கட்டத்தில் தளம் உங்கள் ஹோஸ்டிங்கில்தான் ஓட வேண்டும். அவருடைய சர்வரில் ஓடினால் மூன்றாவது தவணைக்கு நீங்கள் வாங்கியது வெறும் லிங்க்தான்.

"டிசைன் முடிந்ததும்" என்று எழுதாதீர்கள். முடிந்தது என்று அவர் சொல்வாரா நீங்கள் சொல்வீர்களா? "முகப்புப் பக்கம், பொருள் பக்கம் இரண்டின் வடிவமைப்பும் மொபைலுக்கும் கம்ப்யூட்டருக்கும் அனுப்பப்பட்டு, அதிகபட்சம் மூன்று முறை திருத்தம் செய்து, கடைக்காரர் வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ சரி என்று எழுதியதும்" என்று எழுதுங்கள். நீளமாக இருந்தால் இருக்கட்டும். திருத்தத்துக்கு எண்ணிக்கை போடுவது உங்களுக்கும் நல்லது. எண்ணிக்கை இருந்தால் நீங்கள் வீட்டில் எல்லோரிடமும் காட்டி, எல்லாக் கருத்தையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவீர்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பச்சை, புதன்கிழமை மச்சான் சொன்னதால் நீலம், வெள்ளிக்கிழமை மறுபடி பச்சை.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வெப்சைட் வேலை தாமதமாவதற்கு நான் பார்த்த முதல் காரணம் டிசைனர் கிடையாது. போட்டோவும் எழுத்தும் வராததுதான். தீபாவளிக்கு முன் லைவ் ஆக வேண்டும் என்பார்கள். ஆவணி போய்விடும், புரட்டாசி போய்விடும், பொருட்களின் போட்டோ வராது. வந்தாலும் வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போய் மங்கலாக வரும். எழுத்து, டிடிபி கடையில் பழைய ஃபான்ட்டில் அடித்ததாக இருக்கும். வெப்சைட்டில் போட்டால் தமிழே தெரியாது, யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்க இன்னொரு நாள். இதற்கிடையில் டிசைனர் செய்த வேலைக்கான பணம், "லைவ் ஆனதும் தருகிறேன்" என்ற வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். நான் ஏமாந்ததாகச் சொன்ன இரண்டு முறையும் இப்படித்தான். யாரும் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. லைவ் ஆகவே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வரி சேருங்கள்: "கடைக்காரர் தர வேண்டிய படமும் எழுத்தும் இந்தத் தேதிக்குள் வராவிட்டால், அந்தத் தேதியிலிருந்து 15 நாளில், அதுவரை முடிந்த வேலைக்கான தவணை தரப்படும், மீதி வேலை அவை வந்த பிறகு தொடரும்." இந்த வரியை வேலை கொடுக்கும் நீங்களே முன்வந்து போட்டால், எந்த நல்ல டிசைனரும் உங்கள் வேலையை முதலில் எடுப்பார்.

எதிர்ப்பக்கமும் வேண்டும். டிசைனர் சொன்ன தேதியைத் தாண்டி எத்தனை நாள் வரை பொறுப்பது, அதற்கு மேல் போனால் வேலையை நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டா, அப்படி நிறுத்தினால் அதுவரை செய்தது உங்களுக்கு வருமா என்று எழுதுங்கள். தாமதத்துக்குப் பெரிய அபராதம் போடுவதில் பயன் குறைவு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நிறுத்திவிட்டு அடுத்தவரிடம் போகும் வழி திறந்திருப்பதுதான் சிறு கடைக்கு உதவும்.

5. எழுதி வைப்பது, அதில் விட்டுவிடக் கூடாத ஒரு வரி

முத்திரைத்தாளும் வக்கீலும் இல்லாமல் சின்ன வேலையைத் தொடங்கலாம். ஒரு பக்கத்தில் எழுதி ஈமெயிலில் அனுப்பி, மறுதரப்பு "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் போட்டால் அது ஒப்பந்தம்தான். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது என தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும்.

பணம் கொடுத்துவிட்டோம், ஆகவே வெப்சைட் நம்முடையது என்று எல்லோரும் நினைக்கிறோம். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17வது பிரிவுப்படி, பொதுவாக ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர்தான். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தால் அது முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்ஸர் உங்கள் ஊழியர் இல்லை. அவர் எழுதிய புரோகிராம் கோடு, சட்டத்தின் பார்வையில் கதை கவிதையைப் போலவே இலக்கியப் படைப்பு. கம்ப்யூட்டர் புரோகிராம்களை அந்த வகையில்தான் சட்டம் சேர்த்திருக்கிறது. அது உங்களுக்கு மாற வேண்டும் என்றால், 19வது பிரிவு கேட்கிறபடி, எழுத்தில், அவருடைய கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். ஆறாவது வருடம் இதைக் கிளப்ப வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

நான் என் ஒப்பந்தத்தில் போடும் வரி இது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"இந்த வேலைக்காக நான் உருவாக்கிய வடிவமைப்பு, புரோகிராம் கோடு, படங்கள் ஆகியவற்றின் முழுக் காப்புரிமையையும், முழுத் தொகையும் எனக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, காப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், இன்னாருக்கு மாற்றித் தருகிறேன். மற்றவர்களின் உரிமத்தில் உள்ள வேர்ட்பிரஸ் மென்பொருள், தீம், பிளகின், எழுத்துருக்கள் இதில் சேராது."

இதில் "முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளிலிருந்து" என்பது எனக்கான பாதுகாப்பு. அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். மீதி எல்லாம் உங்களுக்கானது. நடுவில் வேலை நின்றுபோனால், அதுவரை பணம் கொடுத்த கட்டங்களின் உரிமை உங்களுக்கு வரும் என்று இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இதை இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. பணத்தை அனுப்பும் வழி

யூபிஐயோ வங்கிப் பரிமாற்றமோ, எதுவானாலும் டிசைனரின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். முதல் முறை ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போனில் கேளுங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் "வெப்சைட் தவணை 2" என்று போடுங்கள். ஆறு மாதம் கழித்து ஸ்டேட்மெண்ட் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். தனிநபர்களுக்கு இடையே யூபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் வரை அனுப்பலாம், சிறு வேலைக்கு அது தாராளம்.

வேலை நடுவில், "என் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புது நம்பருக்கு அனுப்புங்கள்" என்று ஈமெயில் வந்தால் உடனே அனுப்பாதீர்கள். டிசைனரின் ஈமெயிலை வேறொருவர் பிடித்து இப்படி எழுதுவது நடக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். தவறிப் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைத் தொழில் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது.

வரி விஷயத்தில் புதியவர்கள் குழம்பும் இடங்களை மட்டும் சொல்கிறேன். சேவை தரும் ஒருவரின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் அவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. பதிவு இருந்தால் இந்த வேலைக்கு 18 சதவீதம். 40,000 கூலி என்றால் பில் 47,200 ஆகும். ஆகவே கொட்டேஷன் வாங்கும்போதே "ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள். பில்லில் 15 எழுத்து எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டிடிஎஸ் (கொடுக்கும் பணத்திலேயே வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) பிடிக்க வேண்டுமா? தனிநபராகக் கடை நடத்துகிறீர்கள், முந்தைய ஆண்டு விற்பனை 1 கோடியைத் தாண்டவில்லை என்றால், வேண்டாம். அதற்கு மேல் போயிருந்தாலோ, கம்பெனியோ பார்ட்னர்ஷிப்போ என்றாலோ, இப்படிப்பட்ட கட்டணம் ஒரு ஆண்டில் ஒருவருக்கு 50,000ஐத் தாண்டினால் பிடிக்க வேண்டிவரும். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. எந்த விகிதம் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் பில்லைக் காட்டிக் கேளுங்கள். பிடிக்கப்போகிறீர்கள் என்றால் முதல் தவணைக்கு முன்பே டிசைனரிடம் சொல்லி பான் வாங்கிவிடுங்கள். சொல்லாமல் கடைசித் தவணையில் பிடித்துக்கொண்டு கொடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

டிசைனர் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். மேலே சொன்ன 30 நாள் நிறுத்தத்தொகை இந்த வரம்புக்குள் அடங்குகிறது. ஆறு மாதம் கழித்துத் தருகிறேன் என்பது அடங்காது.

7. கடைசிப் பெரிய தவணைக்கு முந்தைய மாலை

6,000 ரூபாயை அனுப்புவதற்கு முன் டிசைனரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள்; நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பில். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, தளத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் பார்ப்பது அப்படித்தான். ஒரு பொருளின் விலையை ஒரு ரூபாயாக மாற்றி, நீங்களே ஆர்டர் போட்டு, பணம் உங்கள் கேட்வே கணக்கில் தெரிகிறதா, ஆர்டர் ஈமெயில் உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். தொடர்புப் படிவத்தில் ஏதாவது எழுதி அனுப்புங்கள். அந்த ஈமெயில் இன்னும் டிசைனருக்கே போய்க்கொண்டிருக்கும் தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தளம் வேர்ட்பிரஸில் செய்தது என்றால் ஒரு இடத்தை மறக்காமல் பாருங்கள். அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வேலை நடக்கும்போது அதை டிக் செய்து வைப்போம். லைவ் ஆனதும் எடுக்க வேண்டும். ஒரு முறை நானே மறந்திருக்கிறேன். மூன்று வாரம் அந்தக் கடை கூகுளில் வரவே இல்லை. அந்த மூன்று வாரத்துக்கு ஈடாக அவருக்கு இரண்டு மாதப் பராமரிப்பை இலவசமாகச் செய்து கொடுத்தேன்.

அட்மின் கணக்கு உங்கள் ஈமெயிலில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை அங்கேயே மாற்றுங்கள். முழு பேக்கப்பை டவுன்லோட் செய்து உங்கள் கூகுள் டிரைவிலோ பென்டிரைவிலோ போடச் சொல்லுங்கள். தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் அனலிடிக்ஸ், சர்ச் கன்சோல் கணக்குகள் உங்கள் ஜிமெயிலில் இருக்கட்டும். டொமைன் எந்தக் கம்பெனி, ஹோஸ்டிங் எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் ரெனியூவல் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

எல்லாம் சரியா? அப்படியானால் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நாளைக்கு, திங்கட்கிழமை, மாசக் கடைசியில் என்று தள்ள வேண்டாம். ஃப்ரீலான்ஸருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய இரவு வரும் அந்த 6,000தான் அவருடைய வீட்டு வாடகையாக இருக்கலாம்.

8. லைவ் ஆன பிறகு

முப்பது நாள் நிறுத்தி வைத்த 2,000 எதற்கு என்றால், உபயோகிக்கும்போது தெரியவரும் பிழைகளைச் சரிசெய்வதற்கு. பிழை எது, புது வேலை எது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். போட்ட பட்டன் வேலை செய்யவில்லை என்றால் பிழை, இலவசம். பட்டனை வேறு இடத்துக்கு மாற்று என்றால் புது வேலை, அதற்கு மணிக்கணக்கு. பிழை எதுவும் வராவிட்டால் 31வது நாள் கேட்காமலே அனுப்புங்கள்.

பராமரிப்புக்கு மாதம் இவ்வளவு என்று பேசினால் அதில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள். அப்டேட், பேக்கப், மாதத்துக்கு இத்தனை மணி நேர மாற்றம், பிரச்சினை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் யோசியுங்கள்.

டிசைனர் பாதியில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டால், முதலில் ஒரு வாரம் கொடுங்கள். வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். பிறகு ஈமெயிலில் தேதி குறிப்பிட்டு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், கையில் உள்ள கோப்புகளோடு அடுத்தவரிடம் போங்கள். தவணை சரியாகப் பிரித்திருந்தால் உங்கள் நஷ்டம் ஒரு கட்டத்தின் அளவைத் தாண்டாது. ஒரு தவணை அளவுள்ள தொகைக்காகக் கோர்ட் வரை போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வெளியூர், வெளிநாட்டு டிசைனரை அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்கள் வழியாக எடுத்தால் பணம் முதலில் அந்தத் தளத்திடம் நிற்கும். அப்வொர்க்கில் மொத்த விலை வேலையின் ஒரு கட்டத்தை டிசைனர் ஒப்படைத்த பிறகு, நீங்கள் 14 நாள் எதுவும் சொல்லாமல் இருந்தால் பணம் தானாக அவருக்குப் போய்விடும். ஃபைவரில் அந்தக் கெடு மூன்று நாள்தான். ஆகவே ஒப்படைத்த செய்தி வந்த அன்றைக்கே திறந்து பார்த்து, குறை இருந்தால் அந்தத் தளத்திலேயே எழுதுங்கள். கமிஷன் மிச்சமாகும் என்று தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; அந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும்.

பொள்ளாச்சி அண்ணன் தன் புது டொமைனை ஐந்து வருடத்துக்குக் கட்டியிருக்கிறார். கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் ரெனியூவல் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை லேபிள் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் வந்தது. "டொமைன் என் பேர்லதானே இருக்கு?" என்று கேட்டார். "நீங்களே திறந்து பாருங்கண்ணே" என்றேன். பார்த்துவிட்டுத்தான் அச்சடிக்கச் சொன்னார்.